‘போதும்மா’ என்று நிறுத்திய ஓட்டம்

அன்புச் சில்லுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். சும்மா கடிதத்துக்காகச் சொல்லும் நலம் இல்லை இது, இந்த முறை ரிப்போர்ட்டோடு சொல்லும் நலம். நீ நலமா என்று கேட்க மாட்டேன், கேட்டால் ‘ம், இருக்கேன்’ என்பாய், அந்த ‘ம்’முக்குள் என்னென்ன ஒளிந்திருக்கும் என்று பெற்றவளுக்குத் தெரியாதா. பார்சலைப் பிரித்ததும் ஷூ எதற்கு என்று முழித்திருப்பாய். இடது ஷூவுக்குள் காகிதத்தைத் திணித்தது நான்தான், முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் போட்டுப் பார். போனில் சொன்னால் பாதியில் புகுந்து ‘அம்மா விடும்மா’ என்பாய். வாய்ஸ் மெசேஜ் போட்டால் ரெட்டை வேகத்தில் ஓட்டிக் கேட்பாய், நானே அப்படித்தான் கேட்கிறேன், அதனால் தெரியும். காகிதத்தை ஓட்ட முடியாது பார், அதுதான்.

நீ அனுப்பிய மெசேஜை நானும் திரும்பத் திரும்பப் படித்தேன். ‘உக்காந்து ஸ்டிக்கர் ஒட்டுற வேலை, வெயில் இல்ல, புழுதி இல்ல, எத்தனை பேருக்குக் கிடைக்கும், எதுக்கும்மா இந்த வீம்பு, அந்த வண்டியில அப்படி என்னதான் இருக்கு’ என்று கேட்டிருந்தாய். கடைசியில் ஒரு வரி, போகிற போக்கில், உனக்கும் ஆபீஸ் மாடி ஏறும்போது மூச்சு முட்டுகிறது, நெஞ்சு படபடக்கிறது, அங்கே இருக்கும் டாக்டர் டென்ஷன் என்று சொல்லிச் சத்து மாத்திரை கொடுத்தார் என்று. அந்தக் கடைசி வரியைப் பற்றிப் பிறகு பேசுகிறேன். முதலில் வீம்பு. ஆமாம், வீம்புதான். உனக்கு ரெண்டு வயசாக இருக்கும்போது உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு குடோனில் பெட்டி எண்ணியவள், பிறகு மதிய இடைவேளையில் வீடியோ பார்த்துப் பார்த்துப் பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டக் கற்றுக்கொண்டு, லைசென்ஸ் எடுத்து, அத்தனை ஆம்பளை டிரைவர்களுக்கு நடுவில் ஒருத்தியாக அந்த மஞ்சள் யானையின் மேல் ஏறி உட்கார்ந்தவள் நான். அந்த யானை பின்னால் வரும்போது பீப் பீப் என்று கத்தும், அப்போது குடோனில் எல்லாரும் ஒதுங்குவார்கள். உன் அம்மாவுக்காக உலகத்தில் வேறு எங்கே யார் ஒதுங்கியிருக்கிறார்கள் சொல்லு.

நடந்ததைப் போனில் துண்டு துண்டாகத்தான் சொன்னேன், இப்போது வரிசையாகச் சொல்கிறேன். நாற்பது தாண்டிய டிரைவர்கள் எல்லாரும் டிரெட்மில் டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று கம்பெனியில் புது விதி. மார்பில் வயரை ஒட்டி, ஓடுகிற பட்டையில் ஏற்றிவிட்டு, வேகத்தையும் ஏற்றத்தையும் படிப்படியாகக் கூட்டி, இதயம் எப்படித் தாங்குகிறது என்று பார்ப்பார்கள். எனக்கு ஒரே குஷி. நம் தலைவி சைக்கிளில் மலை ஏறும் லைவ் போடும்போது திரை மூலையில் அவள் இதயத் துடிப்பு எண்ணாக ஓடுமே, அந்த மாதிரி என் எண்ணும் ஒரு திரையில் ஓடப்போகிறது என்று. நீ சிரிப்பாய், ஒரு சைக்கிள்காரியைத் தலைவி தலைவி என்று கொண்டாடிக்கொண்டு, நடுராத்திரி லைவுக்கும் முதல் கமெண்ட் போடும் அம்மா யாருக்கு வாய்த்திருக்கிறாள் என்று. சிரி. அவளால்தான் எனக்குப் பாதி விஷயம் தெரியும். ஆனால் குஷியில் போனவள் செருப்போடு போனேன், வேலைச் சட்டையோடு போனேன். யாரும் ஷூ போட்டு வா என்று சொல்லவும் இல்லை. அங்கே மிஷின் பார்ப்பவன் சின்ன வயசுப் பையன், தங்கமான பிள்ளை. எனக்கு வயரை ஒட்டும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு ஒட்டினான். மரியாதை. மரியாதையாக ஒட்டினதில் ரெண்டு வயர் சரியாக உட்காரவில்லை. பட்டை ஓட ஆரம்பித்ததும் நான் செருப்பு வழுக்காமல் இருக்கக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், திரையில் கோடு கிறுகிறுவென்று நடுங்குகிறது, எனக்குக் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது, வாங்காமல் என்ன செய்யும், ஏற்றத்தில் நடந்தால் ஆட்டுக்குட்டிக்கும் மூச்சு வாங்கும். அவன் உடனே ‘போதும்மா, கஷ்டப்படாதீங்க, போதும்’ என்று சொல்லி நிறுத்திவிட்டான். நான் போதும் என்று சொல்லவே இல்லை சில்லு. ரிப்போர்ட்டில் என்ன வந்தது தெரியுமா, களைப்பினால் நிறுத்தப்பட்டது, போதிய துடிப்பை எட்டவில்லை, உடல்திறன் குறைவு என்று. சூப்பர்வைசர் அதைப் பார்த்துவிட்டு, பாவம் என்று என்னை ஸ்டிக்கர் மேசையில் உட்கார வைத்துவிட்டார். திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், பாவம் பார்ப்பவனை என்ன செய்வது.

முதல் வாரம் நானும் நம்பினேன், அதுதான் எனக்கே எரிச்சல். ஒருவேளை நிஜமாகவே நமக்கு முடியவில்லையோ என்று ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டே யோசித்தேன். அப்புறம் ஒரு நாள் டீ குடிக்கும்போது பீப்பாய் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். உனக்கு ஞாபகம் இருக்கும், எனக்கு அடுத்த வண்டி ஓட்டுபவன், வயிறு முதலில் வரும், அவன் அப்புறம் வருவான், சின்ன வயசில் உனக்குப் பொட்டலம் பொட்டலமாக மிட்டாய் வாங்கித் தருவானே. அவனும் அதே நாள் அதே மிஷினில் ஓடியவன். அவன் பெருமை அடிக்கிறான், ‘நாக்கு தள்ளிருச்சு மா, நான் எறங்குறேன்னு சொல்றேன், அந்தத் தம்பி விடமாட்டேங்குறான், விடாதீங்கண்ணே, இன்னும் ஒரு நிமிஷம், உங்களால முடியும்னு கைதட்டி ஓடவிட்டுட்டான்’ என்று. நான் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். பீப்பாய்க்கு என்னைவிட ஆறு வயசு கூட, ஆனால் அந்தப் பையனுக்கு அவன் அண்ணன், நான் அம்மா. அவன் இறங்குகிறேன் என்றபோது விடவில்லை, நான் இறங்குகிறேன் என்று சொல்லாதபோது இறக்கிவிட்டான். பீப்பாயிடம் அதைச் சொன்னேன். தன் வயிற்றைத் தடவிக்கொண்டே, ‘அப்ப நான் பாஸானது என் தெறமை இல்லையா’ என்று கேட்டான் பாவம்.

அன்று தேட ஆரம்பித்தேன், உனக்குத்தான் தெரியுமே நான் தேட ஆரம்பித்தால் எப்படி என்று. சப்டைட்டில் போட்டு, நிறுத்தி நிறுத்தி, புரியாத வார்த்தையை வேறு வீடியோவில் போய்த் தெரிந்துகொண்டு. இந்த டெஸ்ட்டுகளுக்கான அளவெல்லாம் ஆரம்பத்தில் பெரும்பாலும் ஆம்பளைகளை ஓடவிட்டுத்தான் எடுத்திருக்கிறார்கள். பொதுவாகப் பார்த்தால் பெண்களுக்கு இதயம் சின்னது, ரத்தத்தில் காற்றைச் சுமக்கும் சத்தும் கொஞ்சம் குறைவு, அதனால் உச்சத்தில் இழுக்கும் மூச்சின் அளவும் ஆம்பளையைவிடக் குறையும். அது நோய் இல்லை, அது அளவு. நம் குடோனில் ஒவ்வொரு ஃபோர்க்லிஃப்ட்டிலும் ஒரு தகடு அடித்திருக்கும், இந்த வண்டி இவ்வளவுதான் தூக்கும் என்று. சின்ன வண்டியைக் கொண்டுபோய்ப் பெரிய வண்டியின் தகட்டை வைத்துப் பார்த்துவிட்டு ரிப்பேர் என்று ஓரம்கட்டுவார்களா. தலைவியும் ஒரு லைவில் சொன்னாள், பயிற்சிக்குச் சேர்ந்த புதிதில் அவள் எண்ணைப் பையன்கள் எண்ணோடு வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்களாம், அப்புறம் அவளைப் போன வருஷத்து அவளோடு வைத்துப் பார்த்தபோதுதான் எவ்வளவு ஏறியிருக்கிறாள் என்று தெரிந்ததாம். நான் அந்த லைவில் அழுதே விட்டேன். என் விஷயத்தில் தகடு பார்க்கும் கட்டமே வரவில்லை சில்லு, எடையை ஏற்றிப் பார்க்கும் முன்னாலேயே இறக்கிவிட்டார்கள்.

சூப்பர்வைசரிடம் போய் மறுபடி டெஸ்ட் வேண்டும் என்று கேட்டேன். ‘எதுக்குமா உடம்பை வருத்திக்கிற, நல்ல எடம் குடுத்திருக்கேன்ல’ என்றார். அவர் அறை மேலே, கடைசி மாடியில். அவர் லிஃப்ட்டில் போவார். அன்றிலிருந்து நான் தினமும் சாப்பாட்டு நேரத்தில் படியேறிப் போய், கதவருகில் நின்று ஒரே வாக்கியத்தைச் சொல்வேன், ‘சார், நான் களைச்சு நிக்கல, என்னை நிறுத்திட்டாங்க, முழுசா ஓடவிட்டுப் பாத்துட்டு அப்புறம் நீங்க என்ன முடிவு பண்ணாலும் சரி.’ நடுவில் மூச்சு வாங்காமல் சொல்ல வேண்டும் என்று எனக்கு நானே வைத்துக்கொண்ட பந்தயம். முதல் நாள் ‘முழுசா’வில் திணறினேன். போகப் போகக் கடைசி வரைக்கும் ஒரே மூச்சில் வந்தது. அவர் தலையைக்கூடத் தூக்க மாட்டார், சரி சரி போ என்பார். அப்பா வேறு, ‘கல்லுல முட்டிக்கிட்டா கல்லுக்கா வலிக்கும், சும்மா இரேன்’ என்றார். நான் சொன்னேன், நான் முட்டவில்லை, ஏறுகிறேன் என்று. ஒரு நாள் லிஃப்ட் ரிப்பேர். நான் ஏறிக்கொண்டிருக்கிறேன், முன்னால் சூப்பர்வைசர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படிப்படியாக நகர்கிறார், என்னைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. நான் அவர் பக்கத்தில் நின்று என் வாக்கியத்தை ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் நிதானமாகச் சொல்லி முடித்தேன். அவர் கையைக் காட்டி இரு இரு என்றார். மேலே போய்ச் சேர்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பேச்சு வந்தது அவருக்கு. ‘போய்த் தொலை, எடுத்துக்க, ஆனா இதுலயும் வரலைன்னா வாயைத் திறக்கக் கூடாது’ என்றார். சரி சார் என்றேன்.

அன்று வீட்டுக்கு வந்து சொன்னதும் அப்பா தைத்துக்கொண்டிருந்த திரைச்சீலையை ஓரமாக வைத்துவிட்டு, வயர் எங்கெங்கே ஒட்டுவார்கள் என்று கேட்டார். படத்தைக் காட்டினேன். டேப்பை எடுத்து என்னைச் சுற்றி அளந்தார், மறுநாள் ஒரு மேல்சட்டை தைத்துக் கொடுத்தார், இறுக்கமாக உடம்போடு நிற்கும், முன்பக்கம் கொக்கி, வயர் வர வேண்டிய இடத்தில் மட்டும் சின்னச் சின்னத் திறப்பு, மற்றதெல்லாம் மூடியிருக்கும். ‘இனி அந்தத் தம்பி சுவத்தைப் பாக்க வேண்டாம்’ என்றார், அவ்வளவுதான். இவரா சும்மா இரு என்று சொன்னவர் என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அதைப் போட்டுக்கொண்டு, புது ஷூவோடு போனேன். நர்ஸ் ஒருத்தரை நானே கேட்டுக் கூப்பிட்டேன், அவர் வயரை நிதானமாக ஒட்டினார், சட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார், ‘யாருமா தச்சது, இங்க தெனமும் போர்வையைச் சுத்திக்கிட்டு ஓடுறாங்க, எங்களுக்கு ரெண்டு தச்சுத் தரச் சொல்லுங்களேன்’ என்றார். அப்பாவிடம் சொன்னபோது காது சிவந்துவிட்டது அவருக்கு. அதே பையன்தான் மிஷினில் இருந்தான். இதய டாக்டரும் வந்து உட்கார்ந்திருந்தார், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, பேசினால் ஒரு வரிதான் பேசுபவர். நான் விடுவேனா, ஏறுவதற்கு முன்னாலேயே ஆரம்பித்தேன், டாக்டர், உச்சத் துடிப்புக்கு இருநூத்து இருபதுல வயசைக் கழிக்கிறீங்களே அது ஆம்பளைக் கணக்கு என்று. அவர் நிமிர்ந்து பார்த்து, ‘அது ஆம்பளைக்கே குத்துமதிப்புதாம்மா, நீங்க ஏறுங்க’ என்றார்.

ஓடினேன் சில்லு. முதல் கட்டம் கடைக்குப் போகிற நடை. ரெண்டாவது அவசரத்துக்குப் போகிற நடை. மூன்றாவதில் மூச்சு சத்தமாக வந்தது, போன முறை அதற்கு முன்பே நிறுத்திவிட்டான். கம்பியை விரல் நுனியால் தொட்டுக்கொண்டேன், பிடிக்கவில்லை. ஓரக்கண்ணால் பார்க்கிறேன், அந்தப் பையன் முகம் சுருங்குகிறது, வாய் திறக்கிறது, ‘போது…’ என்று வருகிறது. நான் ஓடிக்கொண்டே சொன்னேன், ‘தம்பி, பீப்பாய் அண்ணன்கிட்ட அன்னைக்கு என்ன சொன்னே, அதை எனக்கும் சொல்லு.’ அவன் டாக்டரைப் பார்த்தான். டாக்டர் திரையில் ஓடும் கோட்டைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினார். அவன் முதலில் மெதுவாக, யாருக்கோ ரகசியம் சொல்வது போல, ‘விடாதீங்கம்மா’ என்றான். கேக்கல தம்பி என்றேன். ‘விடாதீங்கம்மா, இன்னும் ஒரு நிமிஷம், உங்களால முடியும்’ என்று கையைத் தட்டினான். நர்ஸும் தட்டினார். அடுத்த கட்டம் ஏறிவிட்டது பட்டை, தொடை எரிகிறது, தலைவி மலை உச்சிக்கு முன்னால் பல்லைக் கடிப்பாளே அந்த மாதிரி கடித்துக்கொண்டு ஓடினேன், கடைசியில் போதும் என்று சொன்னது நான். என் வாயால். அதற்குத்தான் இத்தனை படியும் ஏறியது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை, உன்னிடம் போனில் சொல்லாமல் விட்டது இதைத்தான். இறங்கி உட்கார்ந்ததும் டாக்டர் காகிதத்தைக் காட்டினார், உச்சத்தில் கோடு ஒரு இடத்தில் பள்ளமாக இறங்கியிருந்தது. உடல்திறன் என் வயசுப் பெண்களுக்குச் சராசரிக்கும் மேலே, அது பாஸ், ஆனால் இந்தப் பள்ளத்தைப் பார்க்க வேண்டும் என்றார். என்ன அர்த்தம் என்று கேட்டேன். அப்போதுதான் அவர் நாலு வரி சேர்த்துப் பேசினார், ‘இந்தப் பள்ளம் பொம்பளைங்களுக்கு ஒண்ணும் இல்லாமலேயே அடிக்கடி வரும், பயப்படாதீங்க. ஆனா ஒண்ணும் இல்லைன்னு விட்டதால மாட்டிக்கிட்டவங்களும் பொம்பளைங்கதான். அதனால குத்துமதிப்பு வேணாம். ஓடவிட்டு உடனே படுக்கவெச்சு ஸ்கேன்ல இதயத்தையே பாத்துருவோம்.’ நான் சொன்னேன், அப்ப எங்க நெலமை மத்தளம்தான் டாக்டர், இல்லாததை இருக்குன்னும் அடிப்பாங்க, இருக்கிறதை இல்லைன்னும் அடிப்பாங்க. அவர் சிரித்தார், முதல் தடவையாக.

ஸ்கேனுக்கு நாள் கிடைக்கும் வரை நான் தைரியமாக இருந்தேன் என்று எழுதினால் பொய். அப்பா என் கையிலிருந்து தண்ணீர் வாளியைப் பிடுங்குவார், நான் பிடுங்கிக்கொள்வேன், ரெண்டு பேரும் தரையை நனைத்ததுதான் மிச்சம். சூப்பர்வைசருக்கு விஷயம் போய்ச் சேர்ந்து, ‘பாத்தியா, சும்மா இருந்திருந்தா இந்தத் தலைவலி உண்டா’ என்றார். அங்கேதான் எனக்குப் பயம் போய்க் கோபம் வந்தது. சும்மா இருந்திருந்தால் பள்ளம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எனக்குத் தெரிந்தே இருக்காது. ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு, மூச்சு வாங்கும்போதெல்லாம் வயசாகிறது என்று சொல்லிக்கொண்டு கிடந்திருப்பேன். அவரிடம் சொன்னேன், சார், இருந்தா மாத்திரை சாப்பிட்டு, டாக்டர் சரின்னு சொன்னதும் மறுபடி இந்தப் படியில்தான் ஏறி வருவேன், இல்லைன்னாலும் இந்தப் படியில்தான் வருவேன், நீங்க லிஃப்ட்டை மட்டும் பாத்துக்கங்க என்று. பீப்பாய் பின்னால் நின்று இருமிச் சிரிப்பை மறைத்தான்.

ஸ்கேன் எடுத்தார்கள். மறுபடி ஓடி, வேர்வையோடு சடாரென்று இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, திரையில் பார்த்தேன் சில்லு, என் இதயத்தை. எண் இல்லை, கோடு இல்லை, அதுவேதான், கைமுஷ்டி அளவுக்கு, மூடி மூடித் திறக்கிறது. இதயச் சுவர் எல்லாப் பக்கமும் நன்றாக அசைகிறது என்று சொல்லிவிட்டார் டாக்டர், பள்ளம் வெறும் பள்ளம்தான். திங்கட்கிழமை என்னை வண்டியில் ஏற்றினார்கள். ஏற்றும்போதும் சூப்பர்வைசர் விடவில்லை, ‘இருந்தாலும் பீப்பாய்க்குப் பன்னெண்டு, உனக்குப் பத்துதானே வந்திருக்கு’ என்றார், டெஸ்ட்டில் வரும் திறன் எண்ணைத்தான் சொல்கிறார். நான் வண்டித் தகட்டைத் தட்டிக் காட்டினேன். அப்புறம் கேட்டேன், சார், இந்த வண்டியை உக்காந்துதானே ஓட்டறோம், பன்னெண்டு எதுக்கு. அவர் யோசித்துக்கொண்டே போய்விட்டார். நான் யானையைப் பின்னால் எடுத்தேன், பீப் பீப் என்றது, பீப்பாய் முதல் ஆளாக ஒதுங்கி நின்று கை தட்டினான்.

இப்போது உன் கடைசி வரிக்கு வருகிறேன். மூச்சு முட்டுகிறது, படபடக்கிறது, டென்ஷன் என்றார்கள், சத்து மாத்திரை கொடுத்தார்கள். டென்ஷனாகவே இருக்கட்டும், சந்தோஷம். உன் வயசுக்கு அநேகமாக அப்படித்தான் இருக்கும், ரத்தம் குறைவாக இருந்தாலும் அப்படி வரும். ஆனால் சோதித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்களா, வெறுமனே உன் முகத்தைப் பார்த்துச் சொன்னார்களா. வேறு டாக்டரிடம் போ, எப்போது வருகிறது, எத்தனை படிக்குப் பிறகு வருகிறது என்று மறைக்காமல் சொல்லு, வெட்கப்படாதே, சிரித்து மழுப்பாதே. என்ன பார்க்க வேண்டுமோ அவர்கள் முடிவு செய்யட்டும், ஆனால் பார்க்காமல் எழுந்து வராதே. ஓடச் சொன்னால் இந்த ஷூவைப் போட்டுக்கொண்டு ஓடு. வலது ஷூவுக்கு அடியில் ஒரு பொட்டலம் இருக்கும், அப்பா உனக்கும் அந்தச் சட்டையைத் தைத்திருக்கிறார், உன் அளவு தெரியாமல் உன் பழைய சுடிதாரை வைத்து அளந்தார், கொஞ்சம் பிடித்தால் ஓரத்தில் துணி விட்டுத் தைத்திருக்கிறார், பிரித்துக்கொள். வலித்தால், கிறுகிறுத்தால் உடனே சொல்லி நிறுத்தச் சொல்லு, அதில் வீரம் காட்டாதே, நான் சொல்லும் வீம்பு அது இல்லை. ஆனால் உனக்கு முடியும்போது யாராவது பாசமாக ‘போதும்மா’ என்றால், நன்றி சொல்லிவிட்டுத் தொடர்ந்து ஓடு.

நெஞ்சு நிறைய மூச்சோடு, பயமில்லாமல், நீண்ட காலம் இரு கண்ணு. வேளைக்குச் சாப்பிடு. ரிப்போர்ட் வந்ததும் போட்டோ எடுத்து அனுப்பு, ‘ம், இருக்கேன்’ என்று மட்டும் அனுப்பினால் அடுத்த பார்சலில் நானே வந்து இறங்குவேன், மாடிப்படி எத்தனை இருந்தாலும் சரி.

மறக்காதே, ஷூ நாடாவை ரெட்டை முடிச்சாகப் போடு.

இப்படிக்கு,
போதும் என்று தானே சொல்லிக்கொள்ளும்
உன் அம்மா
(யானையின் மேலிருந்து)